பட்டியலில் இல்லாத காகிதம்

சித்திக்கு வேலை செய்யும் இடத்தில் ‘லாயரு’ என்று பெயர். எட்டாம் வகுப்போடு நின்றவள். சட்டப் புத்தகம் எதையும் கையால் தொட்டதில்லை. ஆனால் யாராவது தாமதமாக வந்தால், “காலைல ஏழேகாலுக்கு நீ எங்க இருந்தே? ஆமா, இல்லைன்னு மட்டும் சொல்லு” என்பாள். எங்கே என்ற கேள்விக்கு ஆமா, இல்லை என்று பதில் சொல்ல முடியாது என்பதைப் பதினோரு வருடத்தில் ஒருவரும் அவளுக்கு எடுத்துச் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி அவர்கள்மேல் பாயும்.

கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து ஐந்து வருடம் நான் சித்தி வீட்டில்தான் இருந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அது இரண்டு அறை வீடு. முன் அறையில் டிவி, அதன் கீழே டிவிடி பிளேயர், பக்கத்தில் சுவரோரமாக அடுக்கிய நாற்பத்து மூன்று பிளாஸ்டிக் டப்பாக்கள். எல்லாம் நடைபாதைக் கடையில் வாங்கியவை. அவற்றில் காதல் படம் கிடையாது, பேய்ப் படம் கிடையாது. அட்டையில் தராசோ, சுத்தியலோ, கறுப்புக் கோட்டோ இல்லாவிட்டால் சித்தி அதைக் கையில் எடுக்க மாட்டாள்.

பாதிப் படங்கள் எங்களுக்குத் தெரியாத மொழிகளில் இருந்தன. கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடும். அதைப் படித்து உடனுக்குடன் தமிழில் சொல்வது என் பொறுப்பு. என் படிப்பு அந்த வீட்டுக்கு முதன்முதலாகப் பயன்பட்டது அதற்குத்தான்.

“என்ன சொல்றான்? சீக்கிரம் சொல்லு.”

“ஆட்சேபணைங்கறான்.”

“எதுக்கு?”

“அது எழுதல சித்தி.”

“படிச்சவதானே நீ? யோசிச்சு சொல்லு.”

சித்தப்பா பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். ஞாயிற்றுக்கிழமை மதியம் படம் போட்டதும் பாயில் சாய்ந்துவிடுவார். முதல் சாட்சி கூண்டில் ஏறும்போது குறட்டை தொடங்கும். தீர்ப்புக்குச் சரியாகக் கண் விழித்து, “யாரு பண்ணது?” என்பார்.

“நீங்கதான்” என்பாள் சித்தி. “குத்தவாளி தூங்கிட்டிருந்ததால தீர்ப்பை ஒத்தி வெச்சிருக்காங்க.”

அந்த மதியங்களில் நான்காவது ஆளாக நெட்டைக்கா இருப்பாள். சித்தியோடு வேலை செய்பவள், சித்தியைவிட நாலு வயது மூத்தவள், கதவு நிலையில் குனிந்து நுழையும் உயரம். அவள் படம் பார்க்க வருவதில்லை. சுவரில் சாய்ந்து பட்டாணி உரிப்பாள், கிழிந்த துணி எதையாவது தைப்பாள். “கோட்டு போட்டவன் பேசறான், உடனே இன்னொரு கோட்டு போட்டவன் பேசறான். இதுல என்னடி இருக்கு?” என்று வாரம் ஒருமுறை கேட்பாள். சித்தி டிவி சத்தத்தைக் கூட்டுவாள்.

ஒருநாள் நானும் அதைக் கேட்டேன். ஒரு பாட்டு இல்லை, ஒரு சண்டை இல்லை, எல்லாரும் நின்றபடி பேசுகிறார்கள். அப்படி என்ன பிடிக்கிறது?

சித்தி ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள். “அங்க ஒருத்தன் கேள்வி கேட்டா இன்னொருத்தன் பதில் சொல்லியே ஆகணும். எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் எந்திரிச்சுப் போயிட முடியாது. நம்ம இடத்துல எவன் பதில் சொல்றான்? கேட்டா போனை எடுத்துக் காதுல வெச்சுக்கறான்.”

அதைவிடச் சரியான பதிலை நான் இதுவரை எங்கும் படிக்கவில்லை. அதே ஆசைதான் அவளைப் படுகுழியில் தள்ளியது என்பதையும் சொல்ல வேண்டும். தள்ளிய கைகளில் ஒன்று என்னுடையது.

*

சித்தியும் நெட்டைக்காவும் வேலை செய்தது ஒரு பெரிய சலவை ஆலையில். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஹோட்டல்களிலிருந்தும் தினமும் லாரியில் துணி வரும். இவர்கள் இருவரும் ரோலர் மெஷினில் ஜோடி. ஈரமான படுக்கை விரிப்பை ஆளுக்கொரு மூலையாகப் பிடித்து, ஒரே நேரத்தில் உதறி, சூடான உருளைகளுக்கு நடுவே நுழைக்க வேண்டும். மறுபக்கம் அது இஸ்திரி போட்டது மாதிரி காய்ந்து வரும். நெட்டைக்கா வலது மூலை, சித்தி இடது மூலை. உதறும் நேரத்தைச் சொல்லிக்கொள்ள அவர்களுக்கு வார்த்தை தேவைப்படவில்லை. ஒருத்தி தும்மினால் மற்றவள் கை தானாக நிற்கும்.

உருளைகளுக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. விரல் அதில் பட்டால் மெஷின் நின்றுவிட வேண்டும். அந்த வருடம் கம்பி தட்டினாலும் மெஷின் நிற்கவில்லை. ஒவ்வொரு ஷிஃப்டிலும் குறைகளை எழுத ஒரு நோட்டு இருந்தது. அதில் சித்தி எழுதினாள். இரண்டு முறை எழுதியதற்குப் பதில் இல்லை. மூன்றாவது முறை, “கம்பி தட்டினாலும் மிஷின் நிக்கல. மூணாவது தடவையா எழுதறேன்” என்று எழுதினாள். சூப்பர்வைசர் கீழே “பார்த்தேன்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பார்த்ததோடு சரி.

ஒன்பது நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலை பத்தே முக்காலுக்கு, விரிப்பின் மடிப்போடு நெட்டைக்காவின் வலது கை உள்ளே போனது. சித்தி ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினாள். கை வெளியே வந்தபோது மூன்று விரல்கள் இனி மடங்காது என்று பார்த்தவுடனே தெரிந்தது.

மறுநாள் தொழிற்சாலை ஆய்வாளர் வந்தார். அதற்குள் தடுப்புக் கம்பியில் ஒரு துணிக்கிழிசல் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. வேலை நிற்காமல் ஓடுவதற்காகக் கம்பியைத் தொழிலாளியே கட்டிவிட்டார், விபத்துக்கு அவரே பொறுப்பு என்று நிர்வாகம் கடிதம் எழுதியது. அதே கடிதத்தில் நெட்டைக்காவை வேலையிலிருந்து நீக்கியது. பதினாறு வருட வேலை. கட்டுப் போட்ட கையோடு எங்கள் வீட்டுக்கு வந்து, அந்தக் கடிதத்தை என்னிடம் நீட்டி, “வாசிச்சு சொல்லும்மா” என்றாள். நான் வாசித்தேன். வாசித்ததும் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னாள்.

தொழிற்சங்கம் வழக்குப் போட்டது. சங்கத்தின் வக்கீல் ஒரு பெண்மணி, எப்போதும் ஜலதோஷம், மேசையில் கோப்புகளுக்குச் சமமாகக் கைக்குட்டைகள். முதல் சந்திப்பில் சித்தியைப் பார்த்துக் கேட்டார்: “எழுத்துல ஏதாவது இருக்கா? ஒரு சீட்டு, ஒரு நோட்டு, எதுவானாலும் சரி. நோட்டுல எழுதினோம்னு சொல்றீங்க. நோட்டு அவங்ககிட்ட இருக்கு. எழுதவே இல்லைன்னு அவங்க சொல்றாங்க.”

“எங்ககிட்ட ஒண்ணும் இல்லைங்க மேடம்” என்றாள் சித்தி.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கதவைத் தாழிட்டாள். அடுக்கில் கீழிருந்து ஏழாவது டப்பாவை உருவினாள். அட்டையில் ஒரு சுத்தியல். டிவிடி தட்டுக்குக் கீழே நான்காக மடித்த கோடு போட்ட தாள் இருந்தது. ஓரம் கிழிந்திருந்தது. “மூணாவது தடவையா எழுதறேன்.” கீழே, “பார்த்தேன்.” அதற்கும் கீழே கையெழுத்து, தேதி.

“நெட்டைக்கா ஆஸ்பத்திரில இருந்தாங்கல்ல, மறுநாள் காலைலயே கிழிச்சிட்டேன்” என்றாள். “நோட்டு காணாமப் போயிடும்னு தெரியும்.”

“அப்ப ஏன் வக்கீல்கிட்ட இல்லைன்னு சொன்னீங்க?”

என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். “எத்தனை படம் வாசிச்சு சொல்லியிருக்கே நீ? முன்னாடியே குடுத்தா என்ன ஆகும்? அவன் வக்கீலுக்குப் போகும். அவன் உக்காந்து பதில் தயார் பண்ணுவான். அந்த சூப்பர்வைசருக்குச் சொல்லிக் குடுப்பான். கூண்டுல ஏத்தி, எல்லாத்தையும் இல்லைன்னு சொல்ல வெச்சு, அப்புறம் எடுக்கணும். அப்பதான் தப்பிக்க முடியாது.”

எனக்கு அது சரி என்று பட்டது. இதை எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது. அப்போது நான் வரலாறு இறுதியாண்டு. ஆவணம் என்றால் என்ன, அதை எப்படி நம்புவது என்று ஒரு பருவம் முழுக்கப் படித்திருந்தேன். வக்கீலின் அலுவலகம் எங்கள் தெருவிலிருந்து இரண்டு பேருந்து நிறுத்தம். நான் போயிருக்கலாம். போகாததற்குக் காரணம், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சித்தியிடம் கொடுத்த வாக்கு என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது உண்மையில்லை. அந்தத் தாள் வெளியே வரும் கணத்தை நானும் பார்க்க விரும்பினேன். சூப்பர்வைசரின் முகம் எப்படி மாறும் என்று நினைத்துப் பார்த்துக் கல்லூரிப் பேருந்தில் தனியாகச் சிரித்திருக்கிறேன்.

*

வழக்கு நடப்பது என்றால் பெரும்பாலும் நடக்காமல் இருப்பது. எதிர்த்தரப்பு வக்கீல் வரவில்லை, நீதிபதி மாற்றலாகிவிட்டார், நகல் தெளிவாக இல்லை. ஒன்றரை வருடம் இப்படிப் போனது. சித்தி மட்டும் பொறுமையாக இருந்தாள். படங்களில் இந்தப் பகுதியை வெட்டிவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

நெட்டைக்காவுக்கு அது தெரியாது. அவள் இடது கையால் சாப்பிடப் பழகினாள், இடது கையால் கதவைத் திறக்கப் பழகினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவது குறைந்தது. வந்தாலும் பட்டாணி உரிக்க முடியாமல் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் படத்தின் நடுவே திடீரென்று சொன்னாள்: “ஒருவேளை நான்தான் கட்டிட்டேனோ?”

சித்தி படத்தை நிறுத்தினாள். “என்னக்கா பேசறீங்க?”

“இத்தனை பேரு எழுதறாங்க, கையெழுத்து போடறாங்க. அன்னிக்கு அவசரம் வேற. எனக்கே ஞாபகம் இல்லாம கட்டியிருந்தா?” சொல்லிவிட்டு அழுதாள். நெட்டைக்கா அழுது நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

டப்பா அவளிடமிருந்து நாலடி தூரத்தில் இருந்தது. கீழிருந்து ஏழாவது. சித்தி என்னைப் பார்த்தாள். நான் டிவியைப் பார்த்தேன்.

“பொறுங்கக்கா. கோர்ட்ல பாருங்க” என்றாள் சித்தி.

*

கடைசியில் சாட்சி சொல்லும் நாள் வந்தது. சித்தி தலைக்கு எண்ணெய் வைத்து, புதுச் செருப்புப் போட்டு, கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். நீதிமன்றம் என்பது மூன்றாவது மாடியில் ஓர் அறை. ஒரு டியூப்லைட் துடித்துக்கொண்டிருந்தது. பெஞ்சில் எங்களுக்கு முன்னால் பத்துப் பேர். நீதிபதி கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு ஏதோ கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்குக் கீழே தட்டச்சு செய்யும் பெண்.

சித்தி என் காதில், “சுத்தியலே இல்லடி” என்றாள்.

அவளைக் கூப்பிட்டார்கள். எங்கள் வக்கீல் கேள்விகளைக் கேட்டார். சித்தி ஒவ்வொன்றுக்கும் நிமிர்ந்து, குரலை உயர்த்தி, நிறுத்தி நிறுத்திப் பதில் சொன்னாள். நீதிபதி தலையைத் தூக்காமல், “சாதாரணமா பேசுங்கம்மா, டைப் ஆகணும்” என்றார். அவள் சொல்வதை அவர் தன் வார்த்தைகளில் மாற்றிச் சொல்ல, அதுதான் பதிவானது. “அந்த ஆளுக்கு எல்லாம் தெரியும், தெரிஞ்சேதான் விட்டாரு” என்று சித்தி சொன்னது, “மேற்பார்வையாளர் குறையை அறிந்திருந்தார்” என்று ஆனது.

எங்கள் வக்கீல் உட்காரப்போனார்.

“ஐயா, நான் ஒண்ணு காட்டணும்” என்றாள் சித்தி.

கைப்பையைத் திறந்து டிவிடி டப்பாவை எடுத்தாள். தாளை மட்டும் கொண்டுவந்திருப்பாள் என்று நினைத்திருந்தேன். டப்பாவோடு கொண்டுவந்திருந்தாள். அது திறக்கும்போது எழுந்த ‘டக்’ சத்தம் அறை முழுக்கக் கேட்டது. தாளைப் பிரித்து உயர்த்திப் பிடித்தாள்.

“அது என்ன?” என்றார் நீதிபதி.

“ஆதாரம், ஐயா.”

நான் சூப்பர்வைசரைத் தேடினேன். அவர் அன்று வரவேயில்லை. அவர் சாட்சி சொல்லும் நாள் வேறு என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. நிர்வாகத்தின் வக்கீல் வயதானவர். பாதி எழுந்து, “லிஸ்ட்ல இல்லைங்க ஐயா” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கொடுக்கப்போகும் ஆவணங்களை முன்கூட்டியே பட்டியல் போட்டுத் தர வேண்டும் என்பது விதி. அவர் முகம் வெளுக்கவில்லை. வேர்க்கவில்லை. குடையை மறந்துவிட்டவரிடம் மழை பெய்கிறது என்று சொல்வதுபோல் சொன்னார்.

நீதிபதி கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். “இது எப்ப உங்க கைக்கு வந்தது?”

“விபத்து நடந்த மறுநாளே ஐயா.”

“அப்புறம் ஏன் ஒன்றரை வருஷமா தரல?”

சித்தி என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நாற்பத்து மூன்று படங்களில் ஒருவரும் கேட்காத கேள்வி அது.

“மனு போடுங்க. அடுத்த தேதில பார்க்கலாம்” என்றார் நீதிபதி எங்கள் வக்கீலிடம். அடுத்த வழக்கின் பெயரைக் கூப்பிட்டார்கள். சித்தி கூண்டில் ஏறி இறங்கியது மொத்தம் பதினான்கு நிமிடம்.

உள்ளே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டிருந்த நெட்டைக்கா மாடிப்படியில் நின்றிருந்தாள். சித்தி அருகில் போனாள்.

“எப்ப கிழிச்சே?”

“மறுநாளேக்கா.”

“எனக்குக் கட்டுப் பிரிச்சாங்களே, அப்ப உன்கிட்ட இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“நான்தான் கட்டிட்டேனோன்னு உன் வீட்டுல உக்காந்து அழுதேனே. அப்ப?”

சித்தி கைப்பையின் கொக்கியைத் திறந்து மூடினாள்.

“கேக்கறேன்ல? ஆமாவா இல்லையா, லாயரு?”

“ஆமா.”

நெட்டைக்கா இடது கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிப் போனாள். சித்தி பின்னால் போகவில்லை. நானும் போகவில்லை.

வக்கீல் அலுவலகத்தில் எங்களைத் திட்டுவதற்கு முன் அவர் மூன்று முறை தும்மினார். “அவங்களுக்குத் தெரியக்கூடாதுன்னா மறைச்சீங்க? அவங்களுக்குத் தெரியணும்மா. அதுக்குத்தான் இத்தனை ஏற்பாடும். அன்னிக்கே குடுத்திருந்தா நோட்டைக் கோர்ட்டுக்குக் கொண்டுவாங்கன்னு கேட்டிருப்பேன். கிழிஞ்ச ஓரத்தை நோட்டுல வெச்சா பொருந்தியிருக்கும். கதை முடிஞ்சிருக்கும். இப்ப நோட்டே இல்லைம்பாங்க. இந்தத் தாளை நேத்து ராத்திரி நீங்களே எழுதினீங்கன்னும் சொல்லுவாங்க.”

அப்படியே நடந்தது. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட நோட்டுகளைப் பழைய பேப்பரில் போட்டுவிடுவது வழக்கம் என்று நிர்வாகம் எழுதிக் கொடுத்தது. தாளை ஏற்றுக்கொள்ளும் மனுவை நீதிபதி அனுமதித்தார். ஆனால் சித்தி மறுபடியும் கூண்டில் ஏறி, அதை ஏன் மறைத்தாள் என்று எதிர்த்தரப்புக்குப் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலை நம்பினால்தான் தாளுக்கு மதிப்பு. தாளுக்கு மதிப்பு இருந்தால்தான் நெட்டைக்காவுக்கு வேலை.

*

அந்தப் பதிலை எழுதிக் கொடுத்தது நான்.

“வேலை போயிடும்னு பயந்தேன்னு சொல்லுங்க” என்றேன். நோட்டுத் தாளில் அழகாக எழுதியும் வைத்திருந்தேன். “நிர்வாகம் பழிவாங்கும் என்ற அச்சத்தால் வெளியில் சொல்லவில்லை.” அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

“நான் பயப்படலையே” என்றாள் சித்தி.

“பயந்தீங்கன்னு சொன்னா யாரும் சிரிக்க மாட்டாங்க சித்தி. நிஜத்தைச் சொன்னா சிரிப்பாங்க. நெட்டைக்கா வழக்கே போயிடும்.”

நாலு நாள் அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தேன். நான் எதிர்த்தரப்பு வக்கீலாகக் கேட்பேன், அவள் பதில் சொல்வாள். சித்தப்பா பாயிலிருந்து தலையைத் தூக்கி, “ரெண்டு பேரும் நல்லா நடிக்கிறீங்க” என்றார். அது பாராட்டா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. டிவி அந்த நாட்களில் அணைந்தே கிடந்தது.

இரண்டாவது முறை சித்தி பழைய செருப்போடு வந்தாள். நெட்டைக்கா கடைசிப் பெஞ்சில், எங்களைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். ஆலையிலிருந்தும் நாலைந்து பேர் வந்திருந்தார்கள்.

வயதான வக்கீல் ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தார். மிக மெதுவாகத்தான் கேட்டார்.

“இந்தக் காகிதம் விபத்துக்கு மறுநாள்லேர்ந்து உங்ககிட்ட இருக்கு?”

“ஆமா.”

“உங்க தரப்பு வக்கீல் கேட்டப்பகூட இல்லைன்னு சொன்னீங்க?”

“ஆமா.”

“ஏன் மறைச்சீங்க? வேலை போயிடும்னு பயமா?”

நாங்கள் ஒத்திகை பார்த்த கேள்வி. கேள்வியிலேயே பதிலை வைத்துத் தருகிறாரே என்று நான் நிம்மதியாக மூச்சுவிட்டேன். சித்தி அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். பிறகு கடைசிப் பெஞ்சைப் பார்த்தாள்.

“இல்லைங்க. பயமெல்லாம் இல்லை. சினிமால அப்படித்தான் செய்வாங்க.”

“என்னது?”

“கோர்ட்டு படத்துலங்க. ஆதாரத்தைக் கடைசி வரைக்கும் காட்ட மாட்டாங்க. திடீர்னு எடுப்பாங்க. அப்பதான் எதிராளி மாட்டுவான். அதைப் பார்த்து நானும் அப்படியே வெச்சிருந்தேன்.”

பெஞ்சில் ஒருவர் சிரித்தார். பிறகு பலர். ஆலையிலிருந்து வந்தவர்களும் சிரித்தார்கள். “லாயரு” என்று ஒரு குரல் கேட்டது. தட்டச்சு செய்யும் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சித்தியின் காதுகள் சிவந்திருந்தன. ஆனால் கைகள் கூண்டின் கட்டையில் அப்படியே இருந்தன.

நீதிபதி பேனாவை வைத்தார். “எந்தப் படத்தைப் பார்த்து?”

“ஒண்ணுன்னு இல்லைங்க ஐயா. நாப்பத்து மூணு.”

அவர் அவளைப் பார்த்தார். அந்த வழக்கில் அவர் ஒரு சாட்சியைத் தலைநிமிர்ந்து பார்த்ததை நான் கண்டது அப்போதுதான். பிறகு தட்டச்சுப் பெண்ணிடம் சொன்னார்: “ஆவணத்தைத் தாம் இதுவரை வெளியிடாததற்கு, திரைப்படங்களில் அவ்வாறு செய்வதைப் பார்த்ததே காரணம் என்று சாட்சி கூறுகிறார்.” கேட்பதற்கு மிகவும் கௌரவமாக இருந்தது.

வயதான வக்கீல் கையிலிருந்த தாளைக் கோப்புக்குள் வைத்துவிட்டு உட்கார்ந்தார். அது என்ன தாள் என்று பிறகு எங்கள் வக்கீல் சொன்னார். விபத்து நடந்த அதே மாதம், சூப்பர்வைசரை மாற்றச் சொல்லித் தொழிலாளர்கள் கொடுத்த புகார். முதல் கையெழுத்து சித்தியுடையது. பயந்தேன் என்று சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி அந்தத் தாள்தான்.

வெளியே வந்ததும் கேட்டேன். “நான் சொன்னதை ஏன் சித்தி சொல்லல?”

“பொய் சொல்ற சாட்சியை நீ எத்தனை பேரைப் பார்த்திருக்கே? மூணாவது கேள்விக்கு மேல ஒருத்தன் தாங்கினானா?” என்றாள். சற்று நடந்த பிறகு, “அக்கா பின்னாடி உக்காந்திருந்தாங்க” என்றாள்.

அடுத்த மாதம் சூப்பர்வைசர் கூண்டில் ஏறினார். தாளைக் காட்டி, இது உங்கள் கையெழுத்தா என்று எங்கள் வக்கீல் கேட்டார். “என்னோடது மாதிரிதான் இருக்கு” என்றார் அவர். யாரும் பெருமூச்சு விடவில்லை. தட்டச்சுப் பெண்ணுக்குக் காதில் விழாததால் அதை இன்னொரு முறை சொல்லச் சொன்னார்கள். அவரும் அதே குரலில் இன்னொரு முறை சொன்னார்.

*

தீர்ப்பு நாலு மாதம் கழித்து வந்தது. இருபத்திரண்டு பக்கம். வீட்டில் அதை உரக்க வாசித்தேன். நெட்டைக்காவும் வந்திருந்தாள். சித்தியிடம் இல்லாமல் என்னிடம்தான் நகலை நீட்டினாள். பதினேழாம் பக்கத்தில் இப்படி இருந்தது: “சாட்சி கூறிய காரணம் நகைப்புக்கு இடம் தருவது. ஆயினும், தம்மைத் தாமே நகைப்புக்கு உள்ளாக்கும் காரணத்தை ஒருவர் புனைந்து கூற வேண்டிய தேவை இல்லை. எனவே இது உண்மை என்றே இந்த நீதிமன்றம் கருதுகிறது.” கையெழுத்து மறுக்கப்படவில்லை, குறை முன்பே தெரிவிக்கப்பட்டிருந்தது, கம்பியைத் தொழிலாளி கட்டியதற்குச் சான்று இல்லை, பணிநீக்கம் செல்லாது.

“அப்படின்னா?” என்றாள் நெட்டைக்கா.

“நீங்க கட்டல. வேலைக்குப் போகலாம்.”

“நான் கட்டலன்னு அதுல எழுதியிருக்கா?”

அந்த வரியைத் தேடி விரலை வைத்துக் காட்டினேன். அவளுக்கு வாசிக்க வரும், ஆனால் மெதுவாக. எழுத்துக் கூட்டி முழுவதையும் தானே வாசித்தாள். பிறகு நகலை மடித்துக்கொண்டு, தேநீர் குடிக்காமல் போய்விட்டாள்.

அவளுக்குத் துணி எண்ணும் பகுதியில் வேலை கொடுத்தார்கள். ரோலர் மெஷினில் சித்திக்கு வேறு ஜோடி. அந்தப் பெண் தும்மினால் சித்தியின் கை நிற்பதில்லையாம். நெட்டைக்கா ஆலையில் எதிரே வந்தால் பேசுவாள். வேலையைப் பற்றி மட்டும்.

தீர்ப்பில் என் பெயர் எங்கும் இல்லை. நான் எழுதிக் கொடுத்த பொய்யும் இல்லை. அந்த நோட்டுத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. கையெழுத்து உண்மையிலேயே அழகாகத்தான் இருக்கிறது. படித்தவள் என்பதால் எல்லாவற்றையும் என்னைக் கேட்டார்கள், நானும் படித்தவளாகவே பதில் சொன்னேன். அந்தத் தாளை என்ன செய்வதென்று தெரியவில்லை.

சித்தி ஆறு வாரம் படம் போடவில்லை. ஏழாவது ஞாயிறு சித்தப்பாவே அடுக்கிலிருந்து ஒரு டப்பாவை உருவி, “தூக்கம் வரமாட்டேங்குது, எதையாவது போடு” என்றார். படம் ஓடத் தொடங்கி அரைமணி நேரம் இருக்கும், கதவில் நிழல் விழுந்தது. நெட்டைக்கா குனிந்து உள்ளே வந்தாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். இந்த முறை டிவியைத்தான் பார்த்தாள். நான் கீழே ஓடுவதை வாசித்துக்கொண்டே போனேன்.

இறுதிக் காட்சி. கதாநாயகன் மெதுவாக நடந்து வருகிறான். எதிர்த்தரப்பு சிரிக்கிறது. அவன் கோட்டுப் பைக்குள் கைவிட்டு ஒரு காகிதத்தை எடுக்கிறான். அறை முழுக்க மூச்சடங்குகிறது.

“ஏம்மா” என்றாள் நெட்டைக்கா என்னிடம், “அது லிஸ்ட்ல இருக்கா?”

சித்தப்பாவின் குறட்டை நின்றது. நான் சித்தியைப் பார்க்கத் துணியவில்லை.

“வாயை மூடிட்டுப் பாருங்கக்கா” என்றாள் சித்தி. சொல்லிவிட்டு எழுந்து, நெட்டைக்காவுக்கு டிவி மறைக்காதபடி தன் நாற்காலியை நகர்த்திப் போட்டாள்.